குடும்ப மருத்துவர் நிலைய ஆய்வு (இங்கிலாந்து)

குடும்ப மருத்துவர் நிலைய ஆய்வு என்பது இங்கிலாந்திலுள்ள குடும்ப மருத்துவர் நிலையங்கள் சட்டம் வரையறுக்கும் தரத்துடன் நடத்தப்படுகின்றனவா என்பதைக் கண்டறிய மேற்கொள்ளப்படும் ஒழுங்குமுறை ஆய்வு ஆகும். இவ்வாய்வை நடத்தும் அமைப்பு கேர் குவாலிட்டி கமிசன் எனப்படும் பராமரிப்புத் தர ஆணையம் ஆகும். பாதுகாப்பு, பயனுறுதி, பரிவு, தேவைக்கேற்ற சேவை, தலைமைத்துவம் ஆகிய ஐந்து கூறுகளின் அடிப்படையில் ஒவ்வொரு நிலையமும் மதிப்பிடப்பட்டு, அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுகிறது.

இவ்வைந்தில் பாதுகாப்பும் தலைமைத்துவமும் சிறப்பிடம் பெறுகின்றன. ஒரு நிலையத்தில் பாதுகாப்புக் குறை காணப்பட்டால், அக்குறையை நிலையத்தை நடத்துவோர் தாமாகவே ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பது அடுத்த வினாவாக எழுகிறது. எனவே ஒன்றில் காணப்படும் குறை பெரும்பாலும் மற்றதிலும் எதிரொலிக்கிறது. இக்கட்டுரை ஆய்வின் பொது அமைப்பையும், குறிப்பாக இவ்விரு கூறுகளையும் விளக்குகிறது.

## பின்னணி

### குடும்ப மருத்துவர் நிலையம்

ஐக்கிய இராச்சியத்தின் தேசிய சுகாதார சேவையில் நோயாளியின் முதல் தொடர்பு குடும்ப மருத்துவரே ஆவார். பொதுவாக ஒவ்வொருவரும் தம் வசிப்பிடத்துக்கு அருகிலுள்ள ஒரு நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்வர். பேச்சு வழக்கில் இந்நிலையம் "சர்ஜரி" என அழைக்கப்படுகிறது. அங்கு பெரிய அறுவை சிகிச்சைகள் நடைபெறுவதில்லை.

பெரும்பாலான நிலையங்கள் அரசுக்குச் சொந்தமானவை அல்ல. சில மருத்துவர்கள் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்தும் சிறு தொழில் அமைப்புகளான இவை, தேசிய சுகாதார சேவையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு இயங்குகின்றன. இங்கிலாந்தில் 6,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. ஒரு நிலையத்தில் சராசரியாகச் சுமார் 10,000 நோயாளிகள் பதிவு செய்துள்ளனர். பங்காளி மருத்துவர்களே சிகிச்சையும் அளித்து நிர்வாகப் பொறுப்பையும் ஏற்கின்றனர். அன்றாட அலுவல்களை நிலைய மேலாளர் ஒருவர் கவனித்துக்கொள்வார். நல்ல மருத்துவராக இருப்பதும் நிலையத்தை நன்கு நடத்துவதும் ஒன்றல்ல என்பது இவ்வாய்வின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று.

### சிப்மன் வழக்கு

குடும்ப மருத்துவர்களின் பணியை வெளியார் கண்காணிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற ஹரோல்ட் சிப்மன் வழக்கு முதன்மைக் காரணமாக அமைந்தது. மான்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஹைட் என்னும் ஊரில் குடும்ப மருத்துவராகப் பணியாற்றிய இவர், தம் நோயாளிகளுக்கு டயமார்பின் மருந்தை ஊசி மூலம் செலுத்திக் கொன்றார். 2000 சனவரி 31 அன்று 15 கொலைகளுக்காக இவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணைக் குழு, 2002இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 215 எனக் கண்டறிந்தது. பின்னர் இது ஏறத்தாழ 250 ஆக இருக்கலாம் என மதிப்பிட்டது.

சிப்மன் தம் நோயாளிகளிடையே மிகுந்த நற்பெயர் பெற்றிருந்தார். 1992 முதல் தனியொருவராகவே நிலையத்தை நடத்திவந்ததால் அவருடைய மருந்துப் பதிவேடுகளையோ இறப்பு எண்ணிக்கையையோ உடனிருந்து பார்க்கும் பங்காளி எவரும் இல்லை. 1998 மார்ச்சில் அதே ஊரின் மற்றொரு நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், சிப்மனின் நோயாளிகள் இறக்கும் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக உள்ளது என அதிகாரிகளிடம் தெரிவித்தார். காவல்துறை விசாரித்துவிட்டு ஐயத்துக்கு ஆதாரமில்லை எனக் கைவிட்டது. அதன் பின்னரும் மூவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில்தான் சிப்மன் கைது செய்யப்பட்டார்.

நற்பெயர் பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதும், ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பதிவேடுகள் தேவை என்பதும் இவ்வழக்கு உணர்த்திய பாடங்கள் ஆகும். இதன் விளைவாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைக் கண்காணிக்கும் விதிகள் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இறுக்கப்பட்டன. மருத்துவர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தம் தகுதியை மறுஉறுதி செய்யும் முறை 2012 திசம்பரில் தொடங்கியது.

### ஆணையத்தின் தோற்றம்

2008ஆம் ஆண்டின் சுகாதார மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட பராமரிப்புத் தர ஆணையம், 2009 ஏப்ரல் 1 அன்று செயல்படத் தொடங்கியது. மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், மனநலச் சேவைகள் ஆகியவற்றைத் தனித்தனியே கண்காணித்துவந்த மூன்று அமைப்புகளுக்கு மாற்றாக இது அமைந்தது. குடும்ப மருத்துவர் நிலையங்கள் 2013 ஏப்ரல் 1 முதல் இவ்வாணையத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியவை ஆயின.

அதே ஆண்டு பெப்ரவரியில், ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நிகழ்ந்த கடுமையான பராமரிப்புக் குறைபாடுகள் பற்றிய ராபர்ட் பிரான்சிஸ் அறிக்கை வெளியானது. கண்காணிப்பு அமைப்புகள் தாள்களை நம்பி நோயாளிகளின் நிலையைக் காணத் தவறின என்ற விமர்சனத்தைத் தொடர்ந்து, ஆணையம் தன் முறைகளை மாற்றியமைத்தது. குடும்ப மருத்துவத்துக்கெனத் தலைமை ஆய்வாளர் நியமிக்கப்பட்டார். பேராசிரியர் ஸ்டீவ் ஃபீல்ட் இப்பொறுப்பை முதலில் ஏற்றார். 2014 அக்டோபர் முதல் நிலையங்களுக்குத் தரநிலை வழங்கும் புதிய ஆய்வு முறை நடைமுறைக்கு வந்தது.

## சட்ட அடிப்படை

2014ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2015 ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதிகள் "அடிப்படைத் தரங்கள்" எனப்படுகின்றன. குடும்ப மருத்துவர் நிலைய அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் விதிகள் வருமாறு:

- விதி 12 – பாதுகாப்பான பராமரிப்பும் சிகிச்சையும்
- விதி 13 – கொடுமைப்படுத்தலில் இருந்து நோயாளிகளைக் காத்தல்
- விதி 16 – முறையீடுகளைப் பெற்று விசாரித்தல்
- விதி 17 – நல்லாளுகை
- விதி 18 – போதிய, பயிற்சி பெற்ற பணியாளர்கள்
- விதி 19 – தகுதியுடையோரைப் பணியமர்த்தல்
- விதி 20 – தவறு நேர்ந்தால் நோயாளியிடம் ஒளிக்காமல் தெரிவித்து மன்னிப்புக் கோரும் கடமை

பாதுகாப்பு என்னும் கூறு பெரிதும் விதி 12ஐயும், தலைமைத்துவம் விதி 17ஐயும் சார்ந்துள்ளன. ஒரே ஆய்வில் இவ்விரு விதிகளும் சேர்ந்தே மீறப்பட்டதாக அறிவிக்கப்படுவது வழக்கமான ஒன்று.

தனிப்பட்ட மருத்துவரின் தகுதியையும் நடத்தையையும் பொது மருத்துவ மன்றம் கண்காணிக்கிறது. ஆணையமோ மருத்துவரை அன்றி நிலையத்தையே மதிப்பிடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

## வினாக்களும் தரநிலைகளும்

ஆய்வாளர்கள் ஐந்து வினாக்களை எழுப்புகின்றனர்:

1. நிலையம் பாதுகாப்பானதா?
2. அளிக்கப்படும் சிகிச்சை பயனுறுதி உடையதா?
3. பணியாளர்கள் பரிவுடன் நடந்துகொள்கின்றனரா?
4. சேவை மக்களின் தேவைக்கேற்ப அமைந்துள்ளதா?
5. நிலையம் நன்கு வழிநடத்தப்படுகிறதா?

ஒவ்வொரு வினாவுக்கும் "மிகச் சிறப்பு", "நன்று", "மேம்பாடு தேவை", "போதாது" என்னும் நான்கு தரநிலைகளுள் ஒன்று வழங்கப்படும். பின்னர் ஒட்டுமொத்தத் தரநிலை ஒன்று தீர்மானிக்கப்படும். இது வெறும் சராசரி அன்று. இரண்டு வினாக்களில் "போதாது" எனப் பெற்ற நிலையம், மற்ற மூன்றில் "நன்று" பெற்றாலும், பொதுவாக ஒட்டுமொத்தமாகப் "போதாது" என்றே மதிப்பிடப்படும். பாதுகாப்பும் தலைமைத்துவமும் சேர்ந்தே வீழ்வதால், பரிவில் நற்பெயர் பெற்ற நிலையம் ஒன்று மிகக் குறைந்த தரநிலையைப் பெறும் நிலை இவ்வாறே உருவாகிறது.

தரநிலையை நிலையத்தில் எளிதில் காணக்கூடிய இடத்திலும், இணையத்தளம் இருப்பின் அதிலும், 21 நாட்களுக்குள் வெளிப்படுத்த வேண்டும் என்பது சட்டக் கட்டாயம் ஆகும்.

## ஆய்வு நடைபெறும் முறை

வழக்கமான ஆய்வுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முன்னறிவிப்பு வழங்கப்படுவது மரபாக இருந்துவந்துள்ளது. கடுமையான புகார் எழுந்தால் முன்னறிவிப்பின்றியும் ஆய்வு நடத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வுக் குழுவில் ஆணையத்தின் ஆய்வாளரும், பணியிலுள்ள குடும்ப மருத்துவர் ஒருவர் சிறப்பு ஆலோசகராகவும் இடம்பெறுவர். தேவைக்கேற்ப செவிலியர், மருந்தாளர் அல்லது நிலைய மேலாளர் ஒருவரும் ஆலோசகராகச் சேர்க்கப்படுவர்.

ஆய்வின் பொதுவான படிநிலைகள் பின்வருமாறு:

- நிலையத்திடமிருந்து கொள்கை ஆவணங்கள், கூட்டக் குறிப்புகள், பயிற்சிப் பதிவுகள் பெறப்படுகின்றன.
- நோயாளிகள் கருத்துக்கணிப்பு, முறையீடுகள், மருந்து வழங்கல் தரவுகள் ஆராயப்படுகின்றன.
- மருத்துவ ஆலோசகர் நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளில் குறிப்பிட்ட தேடல்களை நிகழ்த்துகிறார்.
- நிலையத்தின் கட்டடம், மருந்துகள், கருவிகள் நேரில் பார்வையிடப்படுகின்றன.
- மருத்துவர்கள், செவிலியர்கள், வரவேற்பாளர்கள் தனித்தனியே நேர்காணப்படுகின்றனர்.
- நோயாளர் பங்கேற்புக் குழுவினரிடம் கருத்துக் கேட்கப்படுகிறது.
- வரைவு அறிக்கை நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, பிழை இருப்பின் சுட்டிக்காட்ட 10 வேலை நாட்கள் அளிக்கப்படுகின்றன.

மின்னணுப் பதிவுகளில் தேடும் முறை கோவிட்-19 தொற்றுக்குப் பின்னர் பரவலானது. 2020 மார்ச்சில் வழக்கமான ஆய்வுகள் நிறுத்தப்பட்ட பின், நேரில் செல்லாமலே தகவல் திரட்டும் முறைகள் வளர்க்கப்பட்டன. ஈமிஸ், சிஸ்டம்ஒன் ஆகிய மருத்துவப் பதிவு மென்பொருள்களில் ஒரே வகையான வினவல்கள் இயக்கப்பட்டு, கிடைக்கும் பட்டியலில் இருந்து சில நோயாளிகளின் பதிவுகளை ஆலோசகர் படித்துப் பார்க்கிறார். முன்னர் ஆய்வாளர்கள் கொள்கைக் கோப்புகளையே அதிகம் நம்பியிருந்தனர். இம்முறையில் கோப்பில் எழுதப்பட்டதற்கும் நோயாளிக்கு உண்மையில் நடந்ததற்கும் உள்ள இடைவெளி நேரடியாக வெளிப்படுகிறது.

## பாதுகாப்பு

### தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துகள்

சில மருந்துகளை உட்கொள்வோர் குறித்த காலத்துக்கு ஒருமுறை குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். முடக்கு வாதத்துக்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய இம்மருந்து எலும்பு மச்சையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடியது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகும். டிரைமெத்தோபிரிம் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியுடன் சேர்த்து இதனை வழங்கக்கூடாது. மனநோய்க்கு வழங்கப்படும் லித்தியம், குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவையும் இத்தகையனவே. லித்தியத்தில் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது.

சோதனை முடிவைப் பார்த்த பின்னரே அடுத்த மருந்துச்சீட்டு வழங்கப்படுகிறதா என்பதை ஆய்வாளர் பதிவுகளில் இருந்து கண்டறிகிறார்.

### மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகள்

மருந்துகள் பற்றிய புதிய ஆபத்துகள் தெரியவரும்போது மருந்து ஒழுங்குமுறை முகமை எச்சரிக்கை வெளியிடுகிறது. எடுத்துக்காட்டாக, குருதித்தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோகிரெலுடன் ஒமிப்பிரசோலைச் சேர்த்து வழங்குவதைத் தவிர்க்க வேண்டும் என 2010இல் அறிவுறுத்தப்பட்டது. மனச்சோர்வுக்கான சிட்டலோபிராம் 65 வயதைக் கடந்தோருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் வழங்கப்படக்கூடாது என 2011இல் அறிவிக்கப்பட்டது. கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கும் சோடியம் வால்புரோயேட் மருந்து குறித்து 2018இல் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

எச்சரிக்கை வந்த நாளில் ஒருமுறை நடவடிக்கை எடுத்தால் மட்டும் போதாது. பின்னர் வேறு ஊரிலிருந்து வந்து பதிவு செய்யும் நோயாளி, அதே மருந்துச் சேர்க்கையுடன் வரக்கூடும். 64 வயதில் மருந்து தொடங்கியவர் 66 வயதை எட்டக்கூடும். எனவே பழைய எச்சரிக்கைகளுக்கான தேடலைத் திரும்பத் திரும்ப இயக்கும் ஏற்பாடு உள்ளதா என ஆய்வாளர்கள் வினவுகின்றனர்.

### சோதனை முடிவுகளும் பரிந்துரைகளும்

மருத்துவமனையில் இருந்து வரும் சோதனை முடிவுகளும் கடிதங்களும் தேங்கிக் கிடப்பது கடுமையான குறையாகக் கொள்ளப்படுகிறது. விடுப்பில் உள்ள மருத்துவரின் பெயருக்கு வந்த முடிவுகளை யார் பார்க்கிறார் என்பது வழக்கமாகக் கேட்கப்படும் வினா. புற்றுநோய் ஐயத்தின் பேரில் அவசரமாகப் பரிந்துரைக்கப்பட்ட நோயாளி மருத்துவமனைக்குச் சென்றாரா என்பதை நிலையம் பின்தொடர்கிறதா என்பதும் பார்க்கப்படுகிறது.

சோதனை முடிவு நீரிழிவு நோய் அல்லது நாட்பட்ட சிறுநீரக நோயைக் காட்டியும், பதிவில் அந்நோய் குறிக்கப்படாமல் விடுபட்ட நோயாளிகளும் தேடல்கள் மூலம் கண்டறியப்படுகின்றனர். இவர்களுக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

### மருந்துகள், கருவிகள், பணியாளர்கள்

தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கப்பட வேண்டும். குளிர்பதனப்பெட்டியின் வெப்பநிலை ஒவ்வொரு வேலை நாளிலும் குறிக்கப்பட வேண்டும். எல்லை மீறிய வெப்பநிலை பல நாட்களாகக் குறிக்கப்பட்டும் ஒருவரும் எதுவும் செய்யாமல் இருப்பது அறிக்கைகளில் காணப்படும் குறைகளுள் ஒன்று. எண்ணைக் குறிப்பவருக்கு அந்த எண்ணின் பொருள் தெரிய வேண்டும் என்பதே இங்கு கருதப்படுவது.

அட்ரினலின் முதலிய அவசர மருந்துகள், உயிர்வளிக் கலன், இதய மின்னதிர்வுக் கருவி ஆகியவை பயன்படுத்தத்தக்க நிலையில் இருக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட அவசர மருந்து ஒன்றை வைத்திருக்கவில்லை எனில், அம்முடிவுக்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். பணியாளர்களின் முந்தைய வேலைச் சான்றுகள், தொழில் பதிவு, தேவையான பணிகளுக்குக் குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு ஆகியனவும் ஆராயப்படுகின்றன. சிறார்களையும் நலிவுற்றோரையும் காக்கும் பயிற்சி வரவேற்பாளர் உட்பட அனைவருக்கும் கட்டாயம்.

## தலைமைத்துவம்

இக்கூறின் கீழ் மதிப்பிடப்படுவது தலைவரின் ஆளுமை அன்று. நிலையத்தை நடத்தும் ஏற்பாடுகளே ஆகும். ஆய்வாளர்கள் குறிப்பாகக் கவனிப்பவை:

- எந்தப் பணிக்கு யார் பொறுப்பு என்பது பணியாளர்களுக்குத் தெரிகிறதா?
- தவறுகளும் தவறிழைக்க நேரவிருந்த தருணங்களும் பதியப்பட்டு, கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு, மாற்றம் செய்யப்பட்டதா?
- தீ, தொற்று, குடிநீர்க் குழாய்களில் வளரும் லெஜியோனெல்லா நுண்ணுயிரி போன்ற ஆபத்துகள் மதிப்பிடப்பட்டு, பரிந்துரைகள் நிறைவேற்றப்பட்டனவா?
- செவிலியர், மருந்தாளர் ஆகியோரின் மருந்துப் பரிந்துரைகளை மருத்துவர்கள் மேற்பார்வை செய்கின்றனரா?
- பணியாளர் ஒருவர் அச்சமின்றிக் குறையைச் சொல்ல இயலுமா?
- முக்கியமான மருத்துவர் ஒருவர் ஓய்வு பெற்றால் என்ன செய்வது என்ற திட்டம் உள்ளதா?

குறை சொல்லும் உரிமை எழுத்தில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வேறு வேறு. வரவேற்பாளர்களிடமும் இளநிலைப் பணியாளர்களிடமும் தனியே பேசுவதற்கு இதுவே காரணம். பங்காளிகளிடையே ஏற்படும் பூசல் நிலையங்கள் வீழ்வதற்கு ஒரு காரணமாக அமைகிறது. பங்காளிகள் ஒருவரோடொருவர் பேசாத நிலையில் மருந்து எச்சரிக்கையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாமற் போகிறது. பங்காளி ஒருவர் விலகியபின் ஆணையத்தில் உள்ள பதிவைத் திருத்தாமல் விடுவதும் தலைமைக் குறையாகவே கொள்ளப்படும்.

## இரு கூறுகளின் தொடர்பு

பின்வரும் கற்பனைச் சூழல் இத்தொடர்பை விளக்கும்.

ஒரு நிலையத்தில் மெத்தோட்ரெக்சேட் பெறும் நோயாளிகள் 20 பேர் உள்ளனர் எனக் கொள்வோம். தேடலில், அவர்களுள் 6 பேருக்குக் கடந்த ஆறு மாதங்களில் குருதிச் சோதனை முடிவு எதுவும் பதிவில் இல்லை எனத் தெரியவருகிறது. "சோதனையை மருத்துவமனை செய்கிறது" என மருத்துவர் விடையளிக்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மருந்துச்சீட்டில் கையொப்பமிடுபவர் அவரே. முடிவைப் பார்க்காமல் மருந்து வழங்குவதால் இது பாதுகாப்புக் குறை ஆகிறது.

அடுத்து ஆய்வாளர், "இந்த 6 பேரைப் பற்றி நாங்கள் சொல்வதற்கு முன்னர் உங்களுக்குத் தெரியுமா?" எனக் கேட்கிறார். தெரியும், கடந்த மாதத் தேடலில் கண்டறிந்தோம், நால்வரை அழைத்துவிட்டோம், இருவரின் முடிவுகளை மருத்துவமனையிடம் கேட்டுள்ளோம் என்பது விடையானால், குறை இருந்தாலும் அதனைக் கண்டறியும் ஏற்பாடு இயங்குகிறது. தெரியாது என்பது விடையானால், ஆய்வாளர் தேடாத வேறு மருந்துகளிலும் இதே நிலை இருக்கலாம். அங்கு 6 நோயாளிகளின் சிக்கல் ஒட்டுமொத்த நிலையத்தின் சிக்கலாக மாறுகிறது.

ஆகவே தவறே நேராத நிலையத்தைத் தேடுவது ஆய்வின் நோக்கம் அன்று. அத்தகைய நிலையம் எங்கும் இல்லை. தன் தவறைத் தானே காணும் நிலையத்தையும், பிறர் காட்டினாலன்றிக் காணாத நிலையத்தையும் வேறுபடுத்துவதே அதன் நோக்கம் ஆகும்.

## நடவடிக்கைகள்

குறைகளின் கடுமைக்கேற்ப ஆணையம் பின்வரும் நடவடிக்கைகளை எடுக்கலாம்:

- தேவை அறிவிப்பு – விதி மீறலைச் சரிசெய்யும் திட்டத்தைக் கோருதல்
- எச்சரிக்கை அறிவிப்பு – குறிப்பிட்ட நாளுக்குள் சரிசெய்யுமாறு பணித்தல்
- நிபந்தனை விதித்தல் – எடுத்துக்காட்டாக, புதிய நோயாளிகளைச் சேர்க்கத் தடை
- சிறப்பு நடவடிக்கை – "போதாது" எனப் பெற்ற நிலையத்தைக் கூடுதல் கண்காணிப்பில் வைத்து, வழக்கமாக ஆறு மாதங்களுக்குள் மறுஆய்வு செய்தல்
- பதிவு நீக்கம் – நிலையம் இயங்கும் உரிமையை இரத்து செய்தல்

உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பின் நீதித்துறை நடுவரின் ஆணையைப் பெற்று உடனே பதிவை நீக்கவும் சட்டம் இடமளிக்கிறது. முடிவை எதிர்த்து நிலையம் 28 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பதிவு நீக்கத்தின் விளைவு நோயாளிகளையும் சென்றடைகிறது. மூடப்படும் நிலையத்தை நடத்த வேறொரு நிலையம் தற்காலிகமாகப் பொறுப்பேற்கலாம். அல்லது நோயாளிகள் அருகிலுள்ள நிலையங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவர். பல ஆண்டுகளாக அறிந்த மருத்துவரை இழக்கும் முதியோருக்கும், வேறு நிலையம் தொலைவில் உள்ள ஊர்களுக்கும் இது பெரும் இன்னலாகும். மூடுவதும் மூடாமல் விடுவதும் ஆபத்தானவையே என்பதால் இம்முடிவு எளிதில் எடுக்கப்படுவதில்லை.

## முடிவுகள்

2014 முதல் 2017 வரை நடைபெற்ற முதல் சுற்றில் இங்கிலாந்தின் 7,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் ஆய்வு செய்யப்பட்டன. இச்சுற்றின் முடிவில் சுமார் 90 விழுக்காடு நிலையங்கள் "நன்று" அல்லது "மிகச் சிறப்பு" என்னும் தரநிலையைப் பெற்றிருந்தன. ஐந்து கூறுகளுள் பாதுகாப்பிலேயே குறைகள் மிகுதியாகக் காணப்பட்டன. தொடக்கத்தில் குறைந்த தரநிலை பெற்ற நிலையங்களுள் பெரும்பாலானவை மறுஆய்வில் முன்னேறின. நல்ல தலைமைக்கும் ஏனைய கூறுகளில் பெறும் தரநிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என 2017இல் வெளியான ஆணையத்தின் அறிக்கை குறிப்பிட்டது.

## விமர்சனங்கள்

### பணிச்சுமை

ஆய்வுக்கான ஆவணங்களைத் திரட்டுவது நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கிறது என மருத்துவர் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளன. ஆணையத்துக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணமும் எதிர்ப்புக்குள்ளானது. 2017–18 முதல் இக்கட்டணம் தேசிய சுகாதார சேவையால் ஈடுசெய்யப்படுகிறது.

### தரவுகளின் நம்பகத்தன்மை

2014 நவம்பரில் ஆணையம் நிலையங்களை நேரில் ஆய்வு செய்வதற்கு முன்னரே, தரவுகளை மட்டும் கொண்டு ஆபத்து வரிசைப்படி வகைப்படுத்தி வெளியிட்டது. கணக்கீட்டில் பிழைகள் வெளிப்பட்டதால் ஆணையம் பாதிக்கப்பட்ட நிலையங்களிடம் மன்னிப்புக் கோரியது. 2015இல் இவ்வரிசைப்படுத்தல் கைவிடப்பட்டது. தவறு நேர்ந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடமை ஆய்வு செய்வோருக்கும் பொருந்தும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

### சிறுபான்மை இன மருத்துவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா, பாக்கிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளில் இருந்து சென்ற மருத்துவர்கள் பலர் ஐக்கிய இராச்சியத்தில் குடும்ப மருத்துவர்களாயினர். இவர்களுள் தமிழரும் அடங்குவர். உள்நாட்டு மருத்துவர்கள் செல்லத் தயங்கிய தொழில் நகரங்களிலும் வறிய பகுதிகளிலும் இவர்கள் சிறு நிலையங்களை நடத்தினர். இத்தகைய நிலையங்கள் ஆய்வில் நியாயமற்ற முறையில் பின்தங்குகின்றனவா என்ற வினா எழுந்தது. 2022 சனவரியில் ஆணையமே வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மை இன மருத்துவர்கள் நடத்தும் நிலையங்கள் வறுமை மிகுந்த பகுதிகளில் அமைந்திருப்பதும், தொழில்முறை ஆதரவின்றித் தனித்திருப்பதும் அவற்றின் தரநிலையைப் பாதிக்கக்கூடும் என ஏற்றுக்கொண்டது. சிறு நிலையத்தில் மேலாளர், மருத்துவர், தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒருவரிடமே குவிவதால், நல்ல சிகிச்சை அளித்தும் சான்றுகளைக் காட்ட இயலாத நிலை ஏற்படுகிறது.

### ஆணையத்தின் சொந்தத் தலைமை

2023 நவம்பரில் ஆணையம் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான 34 தரக் கூற்றுகளைக் கொண்ட ஒரே மதிப்பீட்டுச் சட்டகத்தை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஐந்து வினாக்கள் மாறவில்லை. எனினும் புதிய முறையும் அதற்கான கணினி அமைப்பும் பெரும் சிக்கல்களைச் சந்தித்தன. மருத்துவர் பென்னி தாஷ் தலைமையிலான மீளாய்வின் இடைக்கால அறிக்கை 2024 சூலையிலும் முழு அறிக்கை அக்டோபரிலும் வெளியாயின. ஆய்வுகளின் எண்ணிக்கை தொற்றுக்கு முந்தைய நிலையில் பாதிக்கும் கீழே வீழ்ந்துவிட்டது எனவும், ஆய்வுக்குட்பட்ட இடங்களுள் ஐந்தில் ஒன்று தரநிலையே பெற்றதில்லை எனவும் மீளாய்வு கண்டறிந்தது. ஆணையம் தன் பணிக்குத் தகுதியற்ற நிலையில் உள்ளது எனச் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 2024 சூலையில் அறிவித்தார். நிலையங்களிடம் ஆணையம் எதிர்பார்த்த தலைமைத்துவம் ஆணையத்திடமே குறைவுபட்டது என்பது இதன் சாரமாகும்.

## அறிக்கையின் பயனும் எல்லையும்

ஆய்வு அறிக்கை குறிப்பிட்ட நாளில் காணப்பட்ட நிலையையே காட்டுகிறது. எனவே தரநிலையுடன் ஆய்வு நடந்த நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் வழங்கப்பட்ட "நன்று" இன்றைய நிலைக்கு உறுதி ஆகாது. ஒட்டுமொத்தத் தரநிலையைவிடப் பாதுகாப்பு, தலைமைத்துவம் ஆகிய பகுதிகளில் எழுதப்பட்டுள்ள விவரங்கள் நோயாளிக்குக் கூடுதல் பயன் தருவன. நீண்டகால மருந்து உட்கொள்வோர், தம் குருதிச் சோதனை எப்போது நடந்தது என்பதைத் தாமே நிலையத்திடம் கேட்டறியலாம்.

வேண்டுமென்றே தீங்கிழைக்கும் மருத்துவர் ஒருவரை இவ்வாய்வு கண்டுபிடித்துவிடும் எனக் கூற இயலாது. சிப்மன் போன்ற ஒருவர் முறையான கோப்புகளையும் பேணக்கூடும். ஆனால் மருந்துக் கணக்கு, இறப்புகளின் மீளாய்வு, அச்சமின்றிக் குறை சொல்லும் பணியாளர்கள் ஆகியவை உள்ள நிலையத்தில் ஒருவர் நெடுங்காலம் மறைந்திருப்பது கடினமாகிறது.

## ஐக்கிய இராச்சியத்தின் ஏனைய பகுதிகள்

பராமரிப்புத் தர ஆணையத்தின் அதிகாரம் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது. வேல்சில் வேல்ஸ் சுகாதார ஆய்வகமும், ஸ்காட்லாந்தில் ஸ்காட்லாந்து சுகாதார மேம்பாட்டு அமைப்பும், வட அயர்லாந்தில் ஒழுங்குமுறை மற்றும் தர மேம்பாட்டு ஆணையமும் சுகாதாரச் சேவைகளைக் கண்காணிக்கின்றன. குடும்ப மருத்துவர் நிலையங்கள் அனைத்தையும் நான்கு படித் தரநிலையால் மதிப்பிட்டு வெளியிடும் முறை இங்கிலாந்துக்கே உரியதாகும்.